மேட்டு லயத்துக்கு ஓர் ஆள்

அன்பு மகள் நிக்கோலுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் இருக்கிறது. டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? போனில் பேசினால் பாதியில் அம்மா பிடுங்கிவிடுவாள். அவள் சொன்னால், அப்பா தேர்தலில் தோற்றது மட்டும்தான் உனக்குத் தெரியவரும்.

ஆமாம், தோற்றுவிட்டேன். அதுவும் முதல் ஆளாக.

நம் குடியிருப்புக் கமிட்டிக்கு மூன்று பேர். இத்தனை வருஷமும் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தோம். எஸ்டேட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆள் பள்ளத்து லயத்து வரிசை வீடுகளில், ஒரு பங்கு நம் மேட்டு லயத்தில். அவர்கள் கை தூக்கினால் மூன்று இடமும் அவர்களுக்கே. தண்ணீருக்கு முறை வைப்பது அந்தக் கமிட்டிதான். மலையிலிருந்து வரும் பைப் நம் வாசலை உரசிக்கொண்டு கீழே போகிறது, ஆனால் நமக்கு மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள். காலையில் வாளியோடு பள்ளத்துக்கு இறங்கி ஏறித்தான் அம்மாவின் முழங்கால் இந்தக் கதிக்கு வந்தது.

அயர்லாந்தில் நகராட்சிக்கு ஓட்டுப் போட்டதைச் சொன்னாயே, அதைக் கூட்டத்தில் எடுத்துவிட்டேன். பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுவது. கால் பங்கு ஓட்டைத் தாண்டினவர் உள்ளே. குறைவாக வாங்கினவரை விலக்கி, அவர் சீட்டுகளை அதில் இரண்டாவதாக இருப்பவருக்கு மாற்றுவது. ஆறாம் வகுப்பு படித்த வாய்க்கு இது பெரிய கவளம். நடுவில் எனக்கே குழம்பிவிட்டது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு கால் பங்கைவிடப் பெரிது என்பது நம் லயத்தில் எல்லோருக்கும் உடனே புரிந்தது. எஸ்டேட் துரையும் செய்து பாருங்கள் என்றார்.

நம் பக்கம் நானும், பேக்டரியில் வேலை செய்யும் மோகனாவும் நின்றோம். பக்கத்து வீட்டு வேலாயி அக்கா எல்லார் பெயருக்கும் ஒன்று போட்டுவிட்டார். கேட்டால், "கீழ நிக்கிறவரு சம்பந்தி, நீங்க பக்கத்து வூடு. யாரைப் போயி ரெண்டாவதுன்னு போடுறது லா?" என்கிறார். பள்ளத்திலும் அப்படிப் பல சீட்டுகள். எல்லாம் தள்ளுபடி.

எண்ணினார்கள். எனக்குத்தான் குறைவு. அம்மாவே மோகனாவுக்கு ஒன்று போட்டிருப்பாள் என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் ரகசிய ஓட்டு என்கிறாள். என்னை விலக்கினார்கள், என் சீட்டுகள் மோகனாவுக்குப் போயின, அவள் உள்ளே. மேட்டு லயத்திலிருந்து கமிட்டிக்குப் போகும் முதல் ஆள். நான்தான் தோற்றேன், எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் தோற்கவில்லை.

கமிட்டியின் பழைய தலைவர், பள்ளத்து லயத்து ஹரிதாஸ் விடவில்லை. "உங்காளுங்களுக்கு மட்டும் ஆளுக்கு ரெண்டு ஓட்டா, லூயிசு?" என்றார்.

"கியா பார்ம் சந்தைல ஸ்ட்ராபெரி கேட்டேன், முடிஞ்சிருச்சுன்னான். அதே காசுக்குச் சோளம் வாங்கினேன். ரெண்டு தடவையா காசு குடுத்தேன்?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தள்ளுபடியான சீட்டுகளைக் காட்டி, தேர்தலே செல்லாது, வரும் ஞாயிறு பழையபடி கை தூக்கல் என்று அறிவித்துவிட்டார். ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காதது என் குறைதான். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன், மறுபடி நம்பர் போடுவோம் என்றேன். மாட்டாராம்.

இரண்டு லயமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் கமிட்டியோடுதான் பேசுவேன் என்று துரை சொல்லியிருக்கிறார். அதனால் நாங்களும் முடிவு செய்துவிட்டோம். ஞாயிறு எல்லோரும் போவோம், முன்னால் நிற்போம், நம் லயத்தில் ஒரு கையும் எழும்பாது. அப்புறம் அது பள்ளத்துக் கமிட்டி மட்டும்தான், துரை பேசமாட்டார். சம்பந்தி முகத்தை மட்டும் பார்த்துவிடாதீர்கள் என்று வேலாயி அக்காவிடம் மோகனா கெஞ்சியிருக்கிறாள்.

கோபத்தில் பைப்பை முழுசாக மூடிவிட்டால் என்ன செய்வது என்று அம்மா கேட்கிறாள். மூடட்டும். அரை நாள் தண்ணீருக்குப் பயந்து இத்தனை வருஷம் தூக்கின கை போதும்.

கூட்டம் இங்கே சாயங்காலம் ஐந்துக்கு. உனக்கு அப்போது காலை. ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் வேலையாக இருந்தாலும் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நில்லம்மா. மேட்டு லயத்தில் ஆள் குறைவு என்றுதானே சொல்கிறார்கள். நான் உன்னையும் சேர்த்தே எண்ணிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
லூயிஸ்
(தோற்ற வேட்பாளர்)