அப்பா எழுதிய ஆய்வுக் கட்டுரைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டுவிட்டீர்களா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. பயப்படாதீர்கள். சிறுநீரகம் பற்றி நான் எழுதிய கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்துத்தான் என் வேலையை நீட்டிப்பார்கள். முதல்முறையாக இணையத்தில் தேடிப் பார்த்தால், என் பெயரில் ஒன்றுமே இல்லை! பக்கத்து மேஜைக்காரர்தான் அமுக்கிவிட்டார் என்று சந்தேகம். அவர் நீட்டிய பிஸ்கட்டைக்கூட நான் தொடவில்லை.

கடைசியில் அவரே வந்து, "எல்லாம் உங்க பேர்லதானே இருக்கு?" என்று காட்டினார். பார்த்தால், அது உங்கள் பெயர்! இனிஷியலை விரித்து என் பெயருக்குப் பின்னால் எழுதினேன் அல்லவா? இந்த நாட்டில் கடைசியில் வருவதுதான் ஆளின் பெயராம். உங்களை ஆசிரியராக்கி, என்னை இனிஷியலாக்கிவிட்டார்கள். உலகத்து டாக்டர்கள் எல்லாம் உங்களைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

திருத்தச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்த ஆள் என் கட்டுரைகளை எதற்குத் தேடினார்? இன்னும் உறுத்துகிறது.

ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை போனில் 'பாப்பா' வேண்டாம், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இங்கே அதைச் சொல்ல ஆளில்லை.

இதோ, கூட்டத்துக்கு நேரமாயிற்று என்று உங்களைக் கூப்பிடுகிறார்கள். நான் போகிறேன்.

உங்கள் மகள்