இருபது என்று சொன்ன நெல்லிக்காய்

11-10-1977
இன்று ஹனூரில் கூட்டம். காட்டிலிருந்து யார் என்ன எடுக்கிறோம் என்று காட்டிலாகா எங்களிடமே கேட்டது. மாடு மேய்ப்பவர்கள், தேன் எடுக்கும் சோளகர்கள், ஏரித் தண்ணீர் விவசாயிகள், தேவராஜ மார்க்கெட்டிலிருந்து காய் வியாபாரி நான். ரேஞ்சர் தரையில் காட்டை வரைந்து, மூட்டைக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னார். காபி வேறு. இருபது வருஷமாக இல்லாத மரியாதை இப்போது எதற்கு? வரி போடத்தான்.

நெல்லிக்காய்க்கு இருபது கொட்டை வைத்தேன். வாங்குவது வருஷம் நூறு மூட்டை. எனக்குப் பறித்துக் கொடுக்கும் சோளகர் தலைவர் சென்னப்பன் கொட்டைகளைப் பார்த்தார், பிறகு என்னை. ரேஞ்சர் பக்கம் சாய்ந்துவிட்டாரா?

12-10-1977
மனைவி பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். "கேட்டதும் உண்மையச் சொல்லிட்டா நீங்க வியாபாரியே இல்லீங்களே" என்று சிரித்தாள்.

3-11-1977
உத்தரவு வந்தது. அவரவர் வைத்த கொட்டைதான் அவரவர் அளவு. எனக்கு இருபது மூட்டை. மீதி மரத்திலேயே. வரி என்ற பேச்சே இல்லை!

ஊறுகாய்க்காரர்களுக்கு எண்பது மூட்டை வாக்குக் கொடுத்தாகிவிட்டது. யாரோ பெரிய கை அந்தக் காய்க்குக் காத்திருக்கிறது. இல்லையென்றால் இவ்வளவு சுருக்காக உத்தரவு வருமா?

5-11-1977
ஹனூர் போனேன். ரேஞ்சர் அறையில் சென்னப்பன். நினைத்தது சரி என்று கொதித்தேன். ஒருவரோடு ஒருவர் எதற்குக் கூடிப் பேசுகிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

சென்னப்பன் எழுந்து நின்றார். "நீங்க இருவதுன்னதும் எங்கள வுட்டுப்போட்டு வேற காட்டுக்குப் போறீங்கன்னு நெனச்சமுங் மொதலாளி. எங்க சனத்துக்குக் கூலிக்கு என்ன வழின்னு இவருகிட்டக் கேக்க வந்தனுங்."

வரிக்குப் பயந்துதான் குறைத்தேன், வாங்குவது நூறு மூட்டை என்று ஒப்புக்கொண்டேன்.

"டாக்ஸ் அல்லா சாவ்கார்ரே. மரம் எவ்வளவு தாங்கும்னு பாக்கத்தான் கேட்டேன்" என்றார் ரேஞ்சர். "மொதல்ல இருவது, இப்போ நூறு. எதை நம்பறது?"

இப்போது சந்தேகம் அவர் பக்கம். நியாயம்தானே?

18-11-1977
மரம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க மூன்று நாள் மூவரும் காட்டில் நடந்தோம். பாதையோர மரங்கள் மொட்டை. சரக்கு சீக்கிரம் வேண்டும் என்று நான் துரத்தியதால் கிளையோடு வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய கிளை திரும்பக் காய்க்க எத்தனை வருஷமோ?

24-11-1977
கையெழுத்தானது. இந்த வருஷம் ஐம்பத்தைந்து மூட்டை. கிளை வெட்டக் கூடாது. மரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு காய் மானுக்கும் விதைக்கும். மூட்டையை எண்ணுவது சென்னப்பன். அவர் சொல்லும் கணக்கே முடிவு.