மாத்திரைக்குட்டி

சான் அன்டோனியோ,
ஆகஸ்ட் 9

என் செல்லம் யஸ்னாவுக்கு,

நீயும் மருமகனும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அப்படி எழுதப்போவதில்லை. மழை ஒரு வாரமாக விடவில்லை, சமையலறைக் கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, பூனை உன் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பிரசவத்துக்கு ஸ்வீடன் வாம்மா, டிக்கெட் எடுக்கிறேன் என்று நீ சொன்னபோது முதலில் மூட்டுவலி என்றேன், அப்புறம் பூனையை யார் பார்ப்பது என்றேன். இரண்டும் பொய்யடி. போனில் சொன்னால் நீ அழுவதைக் கேட்க வேண்டியிருக்கும், அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண் ஒருத்தி வந்தாள். நாடு முழுக்க எந்த வயதுக்காரர்கள் என்ன போதைப்பொருள் எடுக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்களாம். வீட்டில் எத்தனை பேர் என்றாள், நான் ஒருத்திதான் என்றேன். சட்டைப்பையில் ஒரு கஞ்சாச் சுருட்டு இருந்ததற்காக உன் தம்பி ரெனேயின் துணிமணியையெல்லாம் சேற்றில் வீசி அவனைத் துரத்தியவள் நான்தானே, இரண்டு வருஷமாகிறது. நனைந்து வந்த பெண்ணுக்கு டீ போட்டு, பூசணி பிசைந்து பொரித்த சொபாய்பியா இரண்டு வைத்தேன். கஞ்சா உண்டா, கொகெய்ன் உண்டா என்று அவள் கேட்கக் கேட்க, இல்லை, இல்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அடுத்து, டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை உண்டா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, மாத்திரைக்குட்டியக் கேக்குறியா, அது எல்லார் வீட்டுலயும் இருக்குமேடி என்றேன். நம் ஜனங்களுக்குத்தான் எதற்கும் குட்டி சேர்க்காமல் வாய் வராதே, டீக்குட்டி, ரொட்டிக்குட்டி, மாத்திரைக்குட்டி. போன மாசம் எத்தனை நாள் போட்டீங்கம்மா என்றாள். முப்பத்தொண்ணு என்றேன். அவள் சிரிக்காமல் பதிந்துகொண்டாள். என் வயசுக்காரங்கல்லாம் என்ன சொல்றாங்க என்று விடாமல் கேட்டேன். பசங்க இருக்குற வீட்டுல அம்மாங்க பயந்துபோய் பசங்க மூஞ்சியப் பாப்பாங்க, உங்க வயசுக்காரங்க எனக்கு டீ குடுப்பாங்க, இந்தக் கேள்வி வந்ததும் சிரிப்பாங்கம்மா என்றாள். எனக்கு முகமே செத்துவிட்டது.

உன் அப்பா தவறியபோது டாக்டர் ஒரு மாதத்துக்குத்தான் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தீர்ந்ததும் ஞாயிற்றுச் சந்தையின் கடைசியில், தரையில் துணி விரித்துக் காலுறை விற்கிற டோரிஸிடம் வாங்க ஆரம்பித்தேன், நாலு வருஷமாகிறது. அரை மாத்திரை இப்போது இரண்டாகிவிட்டது. உனக்காக ஜூன் மாதம் நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் நெஞ்சு படபடத்து, கையில் கோப்பை நிற்காமல், கொட்டுகிற மழையில் டோரிஸ் வீட்டுக்கு ஓடினேன். அது இல்லாமல் என்னால் விமானம் ஏற முடியாது, டாக்டர் சீட்டில்லாமல் அதை எடுத்துக்கொண்டும் ஏற முடியாது. நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்கம்மா, டாக்டர்கிட்டச் சொன்னா கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாங்க என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான் நான். எதுக்கு வந்தீங்க என்று கவுண்டரில் இருப்பவள் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பாள், வரிசையில் பாதித் தெரு நிற்கும், பிரஷர் பார்க்க என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறது மகளே.

ஆஸ்பத்திரியில் செப்டம்பர் 12 காலை எட்டு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நீ ரெனேயிடம் பேசு. நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டான், எடுத்தாலும் எந்த முகத்தோடு பேசுவேன். அவன் என்னோடு வந்து கவுண்டரில் நிற்கட்டும். என் வாயில் மறுபடி பிரஷர் என்று வந்துவிட்டால், எங்கம்மாவால மாத்திரைய விட முடியல என்று அவன் சொல்லட்டும், தெரு கேட்டாலும் கேட்கட்டும். குட்டி சேர்க்காமல் சொல்லச் சொல். அந்தக் குட்டியை உன் பிள்ளையைக் கூப்பிட வைத்துக்கொள்கிறேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே.

உன் அம்மா,
எர்சிலியா