0.3 என்று எழுதிய தாள்கள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் சுகந்தானே? அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருக்கும். ஆபீஸ் தபால் பையில் உன் அளவுத்தாள் வாரம் தவறாமல் வருகிறது. கூட ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்துவிடுமா?

இங்கே என் மாடல் எனக்கே தண்ணி காட்டுகிறது. ஆறு முழுவதையும் கம்ப்யூட்டரில் போட்டு, கடல் உப்பு எவ்வளவு தூரம் ஏறி வருகிறது என்று பார்க்கிறேன். எல்லா ஆற்றுத்துறையிலும் கணக்கு பொருந்துகிறது. உன் பம்ப் ஹவுஸ் துறையில் மட்டும் இடிக்கிறது. டிசம்பரிலிருந்து உன் தாளில் லிட்டருக்கு 0.3 கிராம் உப்புதான். பௌர்ணமியில் கடல் பொங்கி ஏறும் ஓதத்தில்கூட அதேதான். ஆற்றில் இப்போது ஓடுவதைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் ஓடினால்தான் அந்த எண் வரும்.

உப்பு அளக்கும் மீட்டர் கெட்டுவிட்டதா? அடிவரை இறக்குகிறாயா? உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் ஊர்ந்துதான் வரும். உன் எண்ணை நம்பி, குடிநீருக்கு ஆபத்தில்லை என்று அறிக்கை எழுதி மேலே அனுப்பிவிட்டேன்.

உன் அக்கா

மார்ச் 10

அக்காவுக்கு,

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அவளுக்குக் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. பிரஷர் ஏறியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டோம். வாயில் வைக்க முடியவில்லை. அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். குடிக்கிறாள்.

தம்பி

மார்ச் 12

தம்பி,

'குடிக்கிறாள்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். உன் எண்களை எடுத்துவிட்டு மாடலை ஓட்டினேன். உன் துறையில் அடியில் 2.4 வருகிறது, நீ எழுதியதைப் போல எட்டு மடங்கு. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் அதேதான்.

ஏழு தடவை போன் செய்தேன். ஏன் எடுக்கவில்லை? திட்டமாட்டேன்டா. உண்மையைச் சொல். இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

போனில் பொய் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எடுக்கவில்லை.

டிசம்பரில் ஒருநாள் 0.9 வந்தது. இன்ஜினியர் தாளைப் பார்த்துவிட்டு, "இதை எழுதினா பம்பை நிறுத்தணும். நாப்பதாயிரம் பேருக்கு லாரித் தண்ணிக்கு நான் எங்க போவேன்? மழை வந்தா சரியாயிடும். பழைய நம்பரையே போடு" என்றார். போட்டேன். மழை வரவில்லை. ஜனவரியிலிருந்து மீட்டரை இறக்கவே இல்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம். ஊரில் தண்ணீர் கரிக்கிறது என்று கேட்டவர்களிடம், கோடையில் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினோம்.

உன் கடிதம் வந்ததும் இறக்கினேன். 2.6.

கேன் தண்ணீர் வாங்கி வந்தேன். "பம்ப் ஹவுஸ்காரர் வீட்டிலேயே கேன் தண்ணியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

யாரிடமும் சொல்லாதே, அக்கா. குழந்தை பிறக்கும் வரையாவது. வேலை போய்விடும். என்னை உள்ளே வைத்துவிடுவார்கள்.

தம்பி

மார்ச் 17

தம்பி,

உன் கடிதம் பத்தரைக்கு வந்தது. பதினோரு மணிக்கு அதை டைரக்டரின் மேஜைமேல் வைத்துவிட்டேன். "உங்க சொந்தத் தம்பி. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றார். "யோசிச்சா கொடுக்கமாட்டேன் சார், இப்பவே வாங்கிக்குங்க" என்றேன்.

இன்று மாலை பம்பை நிறுத்துகிறார்கள். போனை நீ எடுக்கமாட்டாய் என்பதால், அங்கே வரும் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வேறு யார் இப்படி ஒரே எண்ணை மூன்று மாதம் அனுப்பியிருந்தாலும் தாளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். உன் கையெழுத்து என்பதால் விட்டேன். அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்றே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. இவ்வளவு நாளாக என்ன தண்ணீர் குடித்தாள் என்று டாக்டரிடம் சொல். அவளிடமும் சொல். வேறு யார் வாயாலும் அவள் அதைக் கேட்கக்கூடாது.

பயமாக இருக்கிறதுடா.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரியே வலிப்பு வந்தது. நாங்கள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தாள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு கிடக்கிறாள். மூச்சு விடும்போது நெஞ்சு குழிகிறது. இன்னும் பத்து நாள் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள்.

தான் எதுவும் சொல்லவில்லை என்கிறார் இன்ஜினியர். என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். லாரி வரிசையில் நான் குடத்தோடு போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. இதே வார்டில் பிரஷரோடு இன்னும் நான்கு கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். அவர்களின் வீட்டுக்காரர்களோடுதான் நான் தினமும் ஒரே பெஞ்சில் உட்காருகிறேன். அவர்களுக்கு என்னை யாரென்று தெரியாது.

நேற்று அவள் முதல்முறையாகப் பேசினாள். "உங்க அக்காவை வரச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் இருக்கிறது. நீ வரும் நேரத்தை எழுது. நான் வெளியே போய்விடுகிறேன்.

தம்பி