கழுவக் கூடாத ஸ்பாஞ்ச்

ஏப்ரல் 28, திங்கள்

மாலையில் கோடைமழை, அரைமணி நேரம். கொடியில் கிடந்த துணி பாதி நனைந்தது. மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றவில்லை. நாளைக்கு.

மாற்றல் கடிதம் வந்துவிட்டது. வெள்ளறடைப் பக்கம் ஒரு சபை. மே ஆறாம் தேதி இந்தக் காரோடு ஊர்ச் சபை வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "மலைப் பக்கம் ஆக்கும் லீலா. நல்ல காத்து உண்டு" என்றார். ஒவ்வொரு மாற்றலுக்கும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்துவிடுவார். இங்கே வரும்போது கடல்காற்று.

"இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பாக்கலாமே?"

"எப்படிக் கேக்கது? போன்னு சொன்னா போவணும்."

போதகர் கேட்கமாட்டார். நானும் கேட்கிற ஆள் இல்லை. ஊருக்கு அவர் அச்சன், அச்சனைக் கட்டியதால் நான் கொச்சம்மா. முதல் சபையில், கல்யாணமான புதிதில், சமையலறைக்கு ஒரு அலமாரி கேட்டேன். மூன்று கமிட்டிக் கூட்டம். "புதிய கொச்சம்மைக்கு அலமாரி வேணுமாம்" என்று கிணற்றடி வரை பேச்சு. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தச் சபையிலும், எந்த வீட்டிலும், ஒரு கறிவேப்பிலை கூடக் கேட்டதில்லை. விட்டுப் போகிற ஊரில் என்ன கேட்பது.

இது ஐந்தாவது சபை வீடு. கட்டில் சபையுடையது. மேசை சபையுடையது. என்னுடையது ஒரு மீன்தொட்டி, இரண்டடி நீளம். நாலு வருடம் முன்பு மகள் நர்சிங் படிக்கப் பெங்களூர் போனாள். வீடு ஒரேயடியாக அடங்கிவிட்டது. ஏர்பம்பின் கொரகொரப்பாவது கேட்கட்டும் என்று வாங்கினேன். இப்போது: நீல கௌராமி 1, நியான் டெட்ரா 9.

ஏப்ரல் 30, புதன்

புழுக்கம். இரண்டு அட்டைப்பெட்டி புத்தகம் கட்டியாயிற்று. முதுகுவலி.

மகளிடம் போனில் மாற்றல் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, தொட்டி?" அப்பாவையும் என்னையும் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான்.

"மீனை வாளியில போட்டு கொண்டு போனா தீந்துதுல்லா" என்கிறார் அவர். தீராது. அவருக்கு விளங்கட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எனக்கும் ஒரு நகல்:

சைக்கிள் – மீன் கழிக்கும், மிஞ்சின தீனி அழுகும். அதில் வருவது அமோனியா. விஷம். ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதைத் தின்று நைட்ரேட் ஆக்கும். அது பரவாயில்லை. செடி கொஞ்சம் எடுக்கும், மிச்சம் வாளியில் கோரி வாழைமூட்டுக்கு. இந்த ஏற்பாடு ஒரு புதுத் தொட்டியில் தானாக அமைய ஒரு மாதம், ஒன்றரை மாதம். அவசரப்படுத்த முடியாது.

த.மா. – தண்ணீர் மாற்றம். முழுக்க மாற்றவே கூடாது. வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு.

பிஎச் – புளிப்புக் கணக்கு, எண் குறைந்தால் புளிப்பு கூடுதல். நம் கிணறு ஏழரை. வெள்ளறடை தெரியாது.

ஸ்பாஞ்ச் – ஃபில்டரின் உயிர். பாக்டீரியா எல்லாம் குடியிருப்பது இதில்தான், கொஞ்சம் கூழாங்கல்லிலும். தண்ணீரில் இல்லை. பார்க்கக் கறுப்பாக, வழவழவென்று, அழுக்காக இருக்கும். கழுவக் கூடாது. காயவிடக் கூடாது. தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.

படித்துவிட்டு, "அப்போ நாம கொண்டு போவேண்டியது இந்த அழுக்கைத்தானா?" என்றார்.

"ஆமா."

"கொள்ளாமே" என்று மெச்சிச் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

மே 2, வெள்ளி

த.மா. ஆயிற்று. வாழை குலை தள்ளியிருக்கிறது, வெட்டும்போது நாங்கள் இருக்கமாட்டோம்.

மதியம் இரண்டு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் தொட்டிக்குள் இறங்கும். முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒன்பது நியானும் சேர்ந்து வரும், கண்ணாடி வரை வந்து திரும்பும். திரும்பும்போது நீலக்கோடு அணைந்து மறுபடி எரியும். அரைமணி நேரத்துக்கு எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே தெரியாது. இன்று கண்ணை மூடினால் ஐந்து வீடும் ஒன்றாகக் கலந்துவிட்டது. முதல் வீட்டு வாசற்படி ஏறி மூன்றாவது வீட்டு அடுக்களைக்குள் போகிறேன். விளக்குச் சுவிட்சைத் தேடிக் கை எல்லாச் சுவரிலும் தடவுகிறது. அங்கங்கே விட்டுவந்த குரோட்டன்ஸ் எல்லாம் ஒரே முற்றத்தில். எல்லா அறையிலும் முழங்கால் அளவு தண்ணீர், பயமே இல்லை. கௌராமி மீசையால் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கிப் போனது.

புஷ்பபாய் அக்கா வந்தார். பெண்கள் ஐக்கியத்தின் செயலர், மீன் வியாபாரம். நான்கு வருடமாக எனக்கு மத்தி நறுக்கித் தருகிறவர். "வீட்ட நாங்க கழுவித் தாறோம் கொச்சம்மா. நீங்க தூத்துக்கட்டைய தொடப்பிடாது." எல்லா மாற்றலுக்கும் இது வழக்கம். புதிய குடும்பம் வரும்போது பழைய குடும்பத்தின் ஒரு முடி கூடக் கிடக்கக் கூடாது.

தொட்டியைப் பார்த்து, "நானும் மீனு, நீங்களும் மீனு. எனக்க மீனு செத்தாத்தான் எனக்குச் சோறு" என்று சிரித்தார். எனக்கு இந்த அம்மாவை ரொம்பப் பிடிக்கும். சொன்னதில்லை.

மே 6, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை. வெள்ளறடை. பெட்டிகள் நடுவில்.

காலை ஐந்தரைக்குத் தொட்டியைப் பிரித்தேன். மீன் ஒரு வாளியில், காற்றுக்கு ஏர்ஸ்டோன் போட்டு, அறைக்குள். ஸ்பாஞ்ச், கூழாங்கல், செடி எல்லாம் இன்னொரு வாளியில், பழைய தண்ணீரில் முக்கி, வெயில் படாமல் புறவாசலில். பத்து மணிக்கு சர்ச்சில் யாத்திரையயப்பு, எங்களை வழியனுப்பும் கூட்டம். பொன்னாடை, பாட்டு, வடை, சாயா. யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் வாளியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால் வீடு பளபளவென்று இருக்கிறது. புறவாசல் கொடியில், க்ளிப் மாட்டி, என் ஸ்பாஞ்ச். நல்ல வெயில். வாங்கின அன்று இருந்த அதே நீலநிறம். திண்டில் கூழாங்கல் பரத்திக் காயப்போட்டிருக்கிறது, செடியைக் காணோம்.

புஷ்பபாய் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பொறவாசல்ல ஒரு வாளி கெடந்து நாறிச்சு கொச்சம்மா. பிளீச்சிங் பவுடர் போட்டு மூணு வட்டம் கழுவினேன். பாத்தியளா, புதுசு போல!"

நான் கத்தினேன். கொச்சம்மா கத்தி யாரும் கேட்டதில்லை, நானே கேட்டதில்லை. "ஆரு கழுவச் சொன்னா? உங்கள ஆரு அதுல கைய வைக்கச் சொன்னா? நாலு வருஷத்தையும் கழுவிட்டியளே!"

பெண்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள். அக்காவின் விரல் நுனியெல்லாம் பிளீச்சிங் பவுடரில் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "நல்லதுக்கு..." என்றார்.

வண்டி கிளம்பும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன், அவரிடம் தவிர. மடியில் மீன் வாளி. உதியன்குளங்கரையில் டிராஃபிக் பிளாக். ஒவ்வொரு பிரேக்குக்கும் தண்ணீர் புடவையில் தளும்பியது. பின்னால் வேறு ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு யாரோ ஓடினார்கள். ஒரு பஞ்சு விஷயம்தானே என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேயே இறங்கியிருப்பேன்.

மே 7, புதன்

வானம் மூடல். சுற்றிலும் ரப்பர் மரம். மத்தியானமே பச்சை இருட்டு. வீடு முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி ஒரு வெளிச்சம். இந்த வீட்டில் சுவிட்ச் வலதுபக்கம்.

கிணற்றுத் தண்ணீர் பிஎச் ஆறரை. பழக்கிவிட வேண்டும்: ஏர்ட்யூபில் ஒரு முடிச்சுப் போட்டு, புதுத் தண்ணீர் சொட்டுச்சொட்டாக மீன் வாளிக்குள். இரண்டு மணி நேரம். சொட்டை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன். எழுந்தபோது எந்த வீடு என்று பிடிபடவில்லை.

பழைய கல்லை நம்பவில்லை, வெறும் கண்ணாடித் தொட்டி. கழுவின ஸ்பாஞ்சைப் பத்து தண்ணீரில் அலசிப் போட்டேன், வேறு இல்லை. அமோனியா டெஸ்ட்: மஞ்சள். சுத்தம். இன்றைக்கு அப்படித்தான் இருக்கும்.

மே 9, வெள்ளி

டெஸ்ட்: இளம்பச்சை. மஞ்சள் நல்லது, பச்சை கெட்டது. பச்சை கூடக்கூட மோசம்.

தீனி நிறுத்தம். காலை த.மா., மாலை த.மா. கிணற்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஆறு வாளி. நியான் 8.

மகள்: "புளிப்புத் தண்ணியில அமோனியாவோட கடுமை கொஞ்சம் குறையும்மா. பயப்படாதே. ஆனா ஓடற தொட்டியில இருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கெடைச்சா ஒரு வாரத்துல சரியாயிடும். யார்கிட்டயாவது கேளேன்."

கேள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்.

மே 10, சனி

பச்சை. நியான் 6. இரண்டையும் ரப்பர் மூட்டில் புதைத்தேன். கௌராமி மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. செவுள் சிவந்திருக்கிறது. மீசையை ஒடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறது, எதையும் தடவவில்லை.

கமிட்டிக்காரர்கள் பார்க்க வந்தார்கள், கையில் பலாப்பழம். நான் வாளியும் ஈரப்புடவையுமாக. "கொச்சம்மைக்கு எந்தெங்கிலும் வேணோ?" என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்று வாய் தானாகச் சொன்னது.

அவர்கள் போன பிறகு அவர் வந்து வாளியை வாங்கிக்கொண்டார். ஞாயிறு பிரசங்கம் எழுதி முடிக்கவில்லை. இருந்தும் ஆறு வாளி கோரினார்.

மே 11, ஞாயிறு

முதல் ஆராதனை. மலையாளத்தில்தான். முடிவில் கொச்சம்மா இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். நன்றி, ஜெபியுங்கள், உட்கார்ந்துவிடலாம். அதுதான் நான் ஐந்து சபையிலும் செய்தது.

எழுந்தேன். கௌராமியின் வாய்தான் கண்ணில் நின்றது. மலையாளம் போன இடம் தெரியவில்லை.

"எனக்கு ஒரு உதவி வேணும்" என்றேன். "யாரு வீட்டிலயாவது பழைய மீன்தொட்டி உண்டா? அதுல ஃபில்டர் ஸ்பாஞ்ச் உண்டும்லா, அழுக்கா. அதுல ஒரு துண்டு எனக்கு வேணும். இல்லேன்னா எனக்க மீனு செத்துப்போவும்." கடைசியில் குரல் உடைந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி.

பின்னால் யாரோ "எந்து?" என்றார்கள். ஆசீர்வாதம் சொல்ல அவர் கையை உயர்த்தியிருந்தார். அதைக் கீழே இறக்கி, தொண்டையைச் செருமி, "கழுவாம கொண்டு வரணும்" என்றார். பிறகு மறுபடி கையை உயர்த்தினார்.

மூன்று மணிக்கு ஷாஜி என்ற ஆட்டோக்காரர். பிளாஸ்டிக் கவரில் கறுப்பாக ஒழுகுகிறது. "எனக்க வீட்டு அழுக்காக்கும் கொச்சம்மா. ரெண்டு வருஷம். கழுவு கழுவுன்னு பெண்டாட்டி ஒரே பகளம். ஒரு நாளு பிரயோசனப்படும்னு நான் அப்பமே சொன்னேன்." முகத்தில் அவ்வளவு பெருமை. அவர் பின்னாலேயே ஒரு நர்ஸ், தங்கமீன் வளர்க்கிறவர், ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு துண்டு. சாயங்காலம் ஒரு டீச்சர் தம்பதி, கை நிறையக் கூழாங்கல், நனைந்த துணியில் சுற்றி.

வேறு தொட்டியின் வியாதியும் சேர்ந்து வரலாம். வரட்டும்.

எல்லாவற்றையும் போட்டேன். தொட்டி முழுக்கக் கலங்கி ஒரே தவிட்டுநிறம், ஒரு மீன் கூடத் தெரியவில்லை. நாங்கள் ஆறு பேர், கையில் சாயா, அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் போகவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நர்ஸ் என் தோளைத் தட்டினார். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

மே 14, புதன்

நல்ல மழை, காலை முழுக்க. ஓடு ஒழுகவில்லை.

தண்ணீர் தெளிந்துவிட்டது. டெஸ்ட்: மஞ்சள், பச்சை ஒரு சாயல் மட்டும். நியான் 6, அதே ஆறு. கௌராமி கீழே இறங்கியிருக்கிறது. ஆட்டோக்காரர் ஸ்பாஞ்சை மீசையால் தடவித்தடவிப் பார்க்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், மழைச் சத்தமும் பம்புச் சத்தமும். எட்டு நாளாகக் கையிலெடுத்து எடுத்து வைத்த போனில் அதற்குப் பிறகுதான் புஷ்பபாய் அக்கா நம்பரை அமுக்கினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். நான் வாய் திறக்குமுன், "கொச்சம்மா, மீனு உண்டா?"

"உண்டு அக்கா. ஏழு உண்டு."

அந்தப் பக்கம் அழுகை. "அண்ணையில இருந்து நான் ஸ்பாஞ்சு தொடல்ல கொச்சம்மா. பாத்திரமெல்லாம் வெறுங்கையாலதான் தேய்க்கியேன்."

மன்னிப்புக் கேட்டேன். நேராக, அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்டேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"சனியாழ்ச்ச நான் அங்க வரட்டா? ஒண்ணையும் கழுவ மாட்டேன், சத்தியமாட்டு."

"வாங்க அக்கா. அடுக்களை முழுக்க அப்படியே கெடக்கு, எனக்கு ஒத்தைக்குக் கழுவ முடியாது. ஒரு கை தாங்க."