பாதரசத்தை உயர்த்திய கன்னங்கள்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

"அது நெஞ்சு இல்லை, கன்னம்" என்று அன்று நான் டாக்டரிடம் சொல்லவில்லை. நாலே சொற்கள். நாக்கு நுனி வரை வந்து திரும்பிவிட்டன.

குடலிறக்கத்தை அறுத்துச் சரிசெய்தால்தான் நீங்கள் மறுபடி பட்டறையில் குந்தி நகை வேலை செய்ய முடியும். அறுக்கக் குளோரோபார்ம் கொடுத்து மயக்க வேண்டும். உங்கள் மூச்சுத் தசைகளால் அதைத் தாங்க முடியாது என்று தெரிந்தால் வலியோடே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்காகத்தான் அந்தச் சோதனை.

மேசைமேல் வளைந்த கண்ணாடிக் குழாய், அதில் பாதிவரை பாதரசம். ஒரு முனையில் ரப்பர் குழாய். ஊதினால் பாதரசம் எவ்வளவு ஏறி நிற்கிறதோ அவ்வளவு பலம். சண்டையில் ஆகாய விமானம் ஓட்டுகிறவர்களையும் சீமையில் இப்படித்தான் சோதிக்கிறார்களாம்.

உங்களுக்கு முன் ஊதிய போலீஸ்காரருக்குக் கொஞ்சம் ஏறிச் சட்டென்று இறங்கியது. "மீசைக்கு இருக்க பலம் மூச்சுக்கு இல்லயே வே!" என்றார் கம்பவுண்டர். போலீஸ்காரரே சிரித்துவிட்டார்.

பிறகு நீங்கள். பாதரசம் ஏறியது, இன்னும் ஏறியது, அங்கேயே நின்றது. நடுங்கக்கூட இல்லை. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, போதும் வே! கொழாயி ஒடஞ்சா எனக்குல்லா ஏச்சு விழும்!" என்று பதறினார் கம்பவுண்டர்.

நான் உங்கள் நெஞ்சைப் பார்த்தேன். அது அசையவில்லை. கன்னங்கள் இரண்டும் பந்தாக உப்பியிருந்தன. நாற்பது வருஷம் ஊதுகுழலால் விளக்குச் சுடரைப் பொன்மேல் திருப்பியவர் நீங்கள். வாயில் காற்றை அடக்கி, கன்னத்தாலேயே அழுத்தி, மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே ஊதினால்தான் சுடர் ஆடாது. ஏமாற்ற நினைக்கவில்லை நீங்கள். குழல் உதட்டில் பட்டால் உங்கள் வாய்க்கு வேறு விதமாய் ஊதத் தெரியாது.

"பாத்தியாட்டி ஒங்கப்பன் நெஞ்ச? ஆத்துப் படி ஏறயில மூச்சு வாங்குதுன்னு நீதான் பயந்து சாவுத!" என்றீர்கள் என்னிடம்.

"பாத்தேம்ப்பா" என்றேன். அவ்வளவுதான்.

விலா எலும்புகளுக்கு அடியில் திரைபோல ஒரு தசை இருப்பதை, அதுவே மூச்சுக்கு முதல் ஆதாரம் என்பதை, நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆற்றிலிருந்து வீடு வருமுன் நாலு இடத்தில் நிற்கும் ஒருவர், கண்ணுக்குத் தெரியாத காற்றால் அத்தனை கனமான உலோகத்தைத் தூக்கி நிறுத்துகிறார்! அந்தப் பிரமிப்பு என் வாயை அடைத்தது என்றால் நம்புவீர்களா? அது பாதி உண்மை. உங்கள் முகத்தில் அன்றிருந்த வெளிச்சம் மறு பாதி.

போன மாதம் டாக்டரிடம் போய் எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உங்கள் ஊதுகுழலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். பிறகு தம் கன்னங்களைக் கையால் அழுத்திக்கொண்டு ஒரு முறை, விட்டுவிட்டு ஒரு முறை ஊதினார். இரண்டு உயரங்களும் ஒன்றாக இல்லை; உடனே கம்பவுண்டரைக் கூப்பிட்டார்.

இப்போது யார் ஊதினாலும் கம்பவுண்டர் எதிரே நின்று இரு கன்னங்களையும் பிடித்துக்கொள்கிறார். "கண்டவன் கன்னத்தப் பிடிக்கதுக்கா நான் படிச்சேன்?" என்று முணுமுணுக்கிறார். ஆனாலும் கையை எடுப்பதில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது என் கன்னத்தையும் பிடிக்கச் சொல்லி ஊதினேன். பாதரசம் ஏறியபோது, வெட்கமாக இருக்கிறது அப்பா, மறுபடியும் அதே பிரமிப்பு. இது எப்படித் தீராமல் இருக்கிறது?

எதிரே நிற்பவர் முகம் எவ்வளவு மலர்ந்திருந்தாலும், எனக்குத் தெரிந்ததை இனி வாய்க்குள் வைத்துக்கொள்ள மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அறுவை நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டியது. அதை இருமி வெளியேற்ற உங்களுக்குப் பலம் இருக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் மூச்சு நின்றது.

உங்கள் மூத்த மகள்