உப்பில்லாத படையல்

அம்மாவுக்கு கத்பர்ட் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நம் காரியக்கூத் தீவிலிருந்து லெஸ்டர் தன் படகில் இன்று டிரினிடாடு வந்தான். என்னைப் பார்த்ததும், "டேய், நீ இன்னும் சாகலையா? உங்கம்மா கனவுல வந்து சோறு கேட்டியாமே! வெள்ளிக்கிழமை உனக்குப் படையல் போடுறாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எப்போது கண்ட கனவு என்று கேட்டேன். போன செவ்வாய் மதியமாம்.

அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அம்மா. கடலடி எரிமலைக்கு நேர் மேலே எங்கள் சரக்குப் படகின் எஞ்சின் நின்றுவிட்டது, அவ்வளவுதான். தண்ணீர் குமிழி விட்டது, கந்தகம் நாறியது, குமிழித் தண்ணீர் தாங்காமல் படகு ஒரு சாண் தாழ்ந்தது. "முட்டை இருந்தா போடுங்கடா, வெந்துடும்" என்றார் காப்டன் எனோ. சொன்னவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். அரை மணி நேரத்தில் எஞ்சின் ஓடத் தொடங்கியது.

வியாழக்கிழமை அதே வழியாகத்தான் திரும்புகிறோம்.

என் நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்து வை. என் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே. அப்பாவைக் கூப்பிட்டுப் படைக்கும்போது தவறிக்கூட இறந்தவர்களோடு என் பெயரைச் சொல்லாதே. உன் கனவில் வந்தது வெறும் பசிதான். இங்கே சமைக்கிறவன் கைக்கு ருசியே இல்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லெஸ்டர் படகின் கயிற்றை அவிழ்க்கிறான். வெள்ளிக்கிழமை எனக்குச் சோளக்களியும் மீன்குழம்பும் எடுத்து வை. உப்பில்லாமல் வைப்பது செத்தவர்களுக்குத்தான்; எனக்கு உப்புப் போட்டு வை, அம்மா. மறக்காமல் உப்புப் போடு.

கத்பர்ட்